டயலில் ஒரு பெயர், உள்ளே வேறு மெஷின்: "மும்பை ஸ்பெஷல்" கடிகாரங்களும் சட்டத்தின் மௌனமும்

பழைய கைக்கடிகாரங்களைச் சேகரிப்போரிடையே உலகெங்கும் "மும்பை ஸ்பெஷல்" என்றொரு சொல் வழங்கி வருகிறது. மும்பைவாசிகள் பெருமைப்பட அதில் ஏதுமில்லை. ஒரு நிறுவனத்தின் கேஸ், மற்றொன்றின் மெஷின், புதிதாக வண்ணம் பூசி அச்சிட்ட டயல், எங்கிருந்தோ எடுத்த முட்கள் ஆகியவற்றை ஒன்றுசேர்த்து, ஐம்பது ஆண்டுப் பழைமையான அசல் சுவிஸ் கடிகாரம் என்றோ ஜப்பானியக் கடிகாரம் என்றோ விற்கப்படும் ஒட்டுக் கடிகாரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

மாட்டுங்கா தமிழர்களுக்கு இது தொலைதூரச் செய்தியன்று. மாட்டுங்காவில் மின்ரயில் ஏறினால் ஆறாவது நிறுத்தம் சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு. அங்கிறங்கிச் சற்று நடந்தால் மட்டன் தெருவும் சோர் பஜாரும் வந்துவிடும். எழுத்தர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் வந்து குடியேறிய தலைமுறையின் வீடுகளில், அலமாரியின் ஏதோ ஓர் அறையில், ஓடாமல் கிடக்கும் ஃபேவ்ர் லூபாவோ எச்.எம்.டி.யோ ஒன்றாவது இருக்கும். 1915 முதல் இயங்கிவரும் மாட்டுங்கா ரயில் பெட்டிப் பணிமனை சங்கொலிக்கும் கடிகாரத்துக்கும் கட்டுப்பட்டே வளர்ந்தது; அதைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்குக் கைக்கடிகாரம் அலங்காரப் பொருளன்று, வேலைக்கருவி. அத்தகைய கடிகாரம் பழுதுபார்க்கச் சென்று, பளபளக்கும் புதிய முகத்துடன் திரும்பி வரும்போது, அதில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்பதை எந்தத் துண்டுச்சீட்டும் சொல்வதில்லை. அதே கடிகாரம் பேரன் கையிலிருந்து சந்தைக்குச் சென்றால் "அசல்" என்ற பெயருடன் அயல்நாட்டுக்கே கப்பலேறக்கூடும்.

இங்கு ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக் கொள்வது அவசியம். சீனத்தில் ஆலைகளில் தயாராகி, ரோலெக்ஸ், ஒமேகா எனப் பெயர் பொறித்து வரும் போலிகள் வேறு. அவற்றில் அசல் நிறுவனத்தின் ஓர் ஆணிகூட இருப்பதில்லை. ஒட்டுக் கடிகாரமோ பாதி உண்மை. அதன் மெஷின் உண்மையிலேயே சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டதாக இருக்கலாம். பின்மூடி அசலாக இருக்கலாம். பொய், அவற்றை இணைத்த விதத்திலும் டயலில் எழுதிய பெயரிலும்தான் இருக்கிறது. இவை இரண்டுக்கும் அப்பால், ஜப்பானிய என்.எச். 35 போன்ற மெஷினை விலைக்கு வாங்கி, தனியே செய்த கேஸில் பொருத்தி, தம் சொந்தப் பெயரிலேயே விற்போரும் இருக்கின்றனர். ஜெய்ப்பூரிலும் பெங்களூரிலும் அண்மை ஆண்டுகளில் தோன்றிய சிறு இந்திய நிறுவனங்கள் அயல்நாட்டு மெஷின்களை வெளிப்படையாகவே பயன்படுத்துகின்றன. பாகங்களைக் கோத்துக் கடிகாரம் செய்வது குற்றமன்று. சுவிஸ் நிறுவனங்கள் பலவும் நெடுங்காலமாக ஈ.டி.ஏ. என்ற ஒரே ஆலையின் மெஷின்களை வாங்கித் தத்தம் பெயரில் விற்று வந்தவைதான்.

பற்றாக்குறை வளர்த்த தொழில்:

மும்பைக்கும் சுவிஸ் கடிகாரத்துக்கும் உள்ள உறவு நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்தது. ஃபேவ்ர் லூபா நிறுவனத்தார் 1865-லேயே பம்பாய்க்கு வந்துவிட்டனர். வெஸ்ட் எண்ட் வாட்ச் கம்பெனி 1886-ல் இந்நகரிலேயே தொடங்கியது. படைவீரர்களையும் ரயில்வே ஊழியர்களையும் வாடிக்கையாளர்களாகக் கொண்டு இவை வளர்ந்தன. பழைய டயல்களில் காணப்படும் "பம்பாய்", "கல்கத்தா" என்ற ஊர்ப் பெயர்கள் அக்காலத்தின் சாட்சி.

விடுதலைக்குப் பின், 1957-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியை அடுத்து நுகர்பொருள் இறக்குமதிக்கு இறுக்கமான கட்டுப்பாடுகள் வந்தன. கைக்கடிகாரம் ஆடம்பரப் பட்டியலில் சேர்ந்தது. அந்த இடத்தை நிரப்பவே, ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் பெங்களூரில் எச்.எம்.டி. கடிகார ஆலை தொடங்கப்பட்டது. 1961-ல் அதன் முதல் கடிகாரங்களைப் பிரதமர் ஜவாஹர்லால் நேரு வெளியிட்டார். ஜனதா, பைலட், சோனா, காஞ்சன் என அவை நடுத்தர வர்க்கத்தின் மணிக்கட்டை ஏறத்தாழ முழுமையாகவே ஆக்கிரமித்தன. ஆயினும் தேவைக்கேற்ற உற்பத்தி இல்லை. திருமணத்துக்கு மாப்பிள்ளை கேட்கும் காஞ்சனுக்குச் சிபாரிசு தேடி அலைந்த கதைகள் இன்றும் பெரியவர்கள் வாயிலாகக் கேட்கக் கிடைக்கும்.

அந்தப் பற்றாக்குறையில்தான் கடத்தல் கொழித்தது. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தை எடுத்துப் பார்த்தால் வியப்பு ஏற்படும். கடத்தப்பட்டது என்ற நியாயமான நம்பிக்கையில் பொருளைக் கைப்பற்றினால், அது கடத்தல் பொருளன்று என நிரூபிக்கும் சுமை உடையவரையே சாரும் என்கிறது அதன் 123-ஆவது பிரிவு. இந்தக் கடுமை எல்லாப் பொருளுக்கும் உரியதன்று. சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுபவற்றில் தங்கத்துக்கு அருகிலேயே அமர்ந்திருக்கிறது கைக்கடிகாரம். அரசு பின்னர் அறிவிக்கை மூலம் வேறு பொருள்களைச் சேர்த்துக் கொள்ளலாம். தங்கமும் கடிகாரமும் அன்று ஒரே தராசில் நிறுக்கப்பட்டன என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

ராமநாதபுரம் பனைக்குளத்திலிருந்து வந்து பம்பாய்த் துறைமுகத்தில் கூலியாக இருந்த ஹாஜி மஸ்தான், தங்கமும் கைக்கடிகாரமும் டிரான்சிஸ்டர் ரேடியோவும் கடத்தியே பெரும்புள்ளியானார். தூத்துக்குடியிலிருந்து வந்த வரதராஜ முதலியாரின் பெயரோ மாட்டுங்காவுடனேயே பிணைந்தது. துறைமுகச் சரக்குத் திருட்டிலும் கள்ளச்சாராயத்திலும் பெயர் அடிபட்ட அவர், மாட்டுங்கா ரயில் நிலையத்துக்கு வெளியே அமைத்த விநாயகர் சதுர்த்திப் பந்தல் நகரையே திரும்பிப் பார்க்க வைத்தது. இருவரையும் திரைப்படங்கள் நாயகர்களாக்கின. அவர்கள் வியாபாரத்துக்குச் சந்தையை உருவாக்கித் தந்தது தில்லியின் இறக்குமதிக் கொள்கை என்பதைத் திரைக்கதைகள் அவ்வளவாகப் பேசவில்லை.

இதன் மறைமுக விளைவு பழுதுபார்க்கும் மேசையில் வெளிப்பட்டது. கடத்தலில் வந்த கடிகாரத்துக்கு உதிரிபாகம் எங்கே கிடைக்கும்? வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் உறவினர் கொண்டுவந்த சீகோவுக்கும் ரிக்கோவுக்கும் ரசீதைக் காட்டிப் பாகம் கேட்க எந்தக் கடை இருந்தது? ஆகவே ஓடாத இரண்டைப் பிரித்து ஓடும் ஒன்றைச் செய்தனர். தேய்ந்த டயலைச் சுரண்டி மீண்டும் அச்சிட்டனர். அன்று இது ஏமாற்றாகக் கருதப்படவில்லை. வாடிக்கையாளரே புது முகம் கேட்டார். கையிலிருக்கும் பொருளுக்குக் கணக்கு சொல்ல முடியாத நிலையில் உடையவரும் வாய் திறக்கவில்லை, பழுதுபார்த்தவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதாமலிருப்பதே வழக்கம் என்றாகிவிட்ட இந்த மரபுதான், பிற்காலத்தில் மோசடிக்குத் தயாராகக் கிடைத்த களமாயிற்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நிலைமை பின்னர் தலைகீழானது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் கூட்டாக 1984-ல் தொடங்கிய டைட்டன், ஒசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களைக் கொண்டுவந்தது. நுகர்பொருள் இறக்குமதி மீதான அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் அகன்றன. எச்.எம்.டி. கடிகார நிறுவனத்தை மூடுவதற்கு 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. ஆலை மூடப்பட்டதும் அதுவரை சீந்துவாரற்றுக் கிடந்த ஜனதாவும் பைலட்டும் திடீரென "அரிய பொருள்" ஆயின. தேவை பெருகியது, உற்பத்தியோ நின்றுவிட்டது. வண்ணம் பூசுவோருக்கு அது பொற்காலம்.

எப்படிச் செய்கின்றனர்?

வேலை எளிதன்று என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். பழைய டயலின் வண்ணத்தைக் கரைத்து நீக்கிய பின் பித்தளைத் தகடு மிஞ்சும். அதன்மேல் புதிதாக வண்ணம் தெளித்து உலர்த்துவர். எழுத்துகள் செதுக்கிய உலோகத் தகட்டில் மையைப் பூசி, மிருதுவான ரப்பர் குமிழால் ஒற்றி எடுத்து டயலில் பதிப்பர். அசல் ஆலைகளும் இதே முறையைத்தான் கையாளுகின்றன. கருவியின் நுண்மையும் கையின் பொறுமையும்தான் வேறுபாடு. கேஸ் பஃப் சக்கரத்தில் மெருகேறி முலாம் பூசிக்கொள்ளும். மெஷினைக் கழுவி எண்ணெயிட்டு, புதிய பிளாஸ்டிக் கண்ணாடி, பொதுவான சாவித் திருகு, புதுப் பட்டை ஆகியவற்றைச் சேர்த்தால் ஓரிரு ஆயிரம் ரூபாய்க்கு "சுவிஸ்" கடிகாரம் தயார்.

கண்டுபிடிப்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது டயலைத்தான். பூதக்கண்ணாடியில் அசல் அச்சின் ஓரம் கத்தியால் வெட்டியது போலிருக்கும். மறுஅச்சின் எழுத்துகள் தடித்து, ஓரங்களில் மை கசிந்திருக்கும். ஆறு மணிக்குக் கீழே விளிம்பில் இருக்க வேண்டிய "சுவிஸ் மேட்" கோணலாகவோ கேஸுக்குள் பாதி மறைந்தோ நிற்கும். ஆரஞ்சு, மயில்நீலம், இளஞ்சிவப்பு என அந்த நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத நிறங்கள் கண்ணைப் பறிக்கும். ஐம்பது ஆண்டு வெயிலும் வியர்வையும் கண்ட பொருளின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லையென்றால், மகிழ்வதற்குமுன் சந்தேகிப்பதே நலம்.

ஒளிரும் பூச்சு இன்னும் நல்ல சாட்சி. அறுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரையிலான பல சுவிஸ் டயல்களில் "சுவிஸ்" என்ற சொல்லின் இருபுறமும் "டி" என்ற ஆங்கில எழுத்து இருக்கும். அது டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் பூசப்பட்டிருப்பதன் அடையாளம். டிரிட்டியத்தின் அரைவாழ்வுக் காலம் சுமார் 12.3 ஆண்டுகள், எழுபதுகளில் பூசப்பட்டது இன்று ஏறத்தாழ அணைந்து போயிருக்க வேண்டும். அந்த எழுத்தையும் தாங்கிக் கொண்டு, விளக்கொளி காட்டியதும் பச்சையாகப் பளீரென ஒளிர்ந்தால், அந்தப் பூச்சு அண்மையில் ஏறியது என்பதில் ஐயமில்லை.

சீகோ கடிகாரங்களில் ஏமாற்றுவது கடினம், பார்க்கத் தெரிந்தவரிடம். பின்மூடியில் கோடிட்டுப் பிரித்த எண் ஒன்று இருக்கும். அதன் முதல் நான்கு இலக்கங்கள் மெஷினின் எண். பின்மூடியில் 7009 என்றிருந்து உள்ளே வேறு எண் கொண்ட மெஷின் ஓடினால் அது ஒட்டுதான். வரிசை எண்ணின் முதல் இலக்கம் தயாரித்த ஆண்டின் கடைசி இலக்கத்தையும், அடுத்தது மாதத்தையும் குறிக்கும். டயலின் அடிவிளிம்பில் எறும்பளவில் அச்சிட்டிருக்கும் எண்ணும் இவற்றோடு பொருந்த வேண்டும். மறுஅச்சிடுவோர் பெரும்பாலும் அந்தச் சிற்றெழுத்தை விட்டுவிடுகின்றனர் அல்லது எல்லா டயலுக்கும் ஒரே எண்ணைப் போட்டுவிடுகின்றனர்.

நம்மவர்க்கு மிகப் பிடித்த ராடோவில் டயலின் மேற்புறம் சிறு நங்கூரம் ஒன்று உண்டு. பழைய தானியங்கி மாடல்களில் அது சிவப்புக் கல்லின்மேல் ஊசலாடும். கையை அசைத்தால் தானும் சுழலும். பல போலிகளில் அது ஒட்டிவைத்த பொட்டு போல் அசையாது. ரோலெக்ஸைப் பொறுத்தவரை, வினாடி முள் தத்தாமல் வழுக்கிச் சென்றால் அசல் என்ற நம்பிக்கை இன்னும் பரவலாக உள்ளது. அது குவார்ட்ஸ் போலிகளை மட்டுமே காட்டிக்கொடுக்கும். மணிக்கு 28,800 துடிப்புகள் கொண்ட மெஷின்களைச் சீன ஆலைகளும் செய்யத் தொடங்கி நெடுநாளாகிறது. பின்மூடியைத் திறந்து மெஷினைப் பார்க்காமல் இன்று எவரும் உறுதி கூற இயலாது.

சட்டம் யாருக்காக?

1999-ஆம் ஆண்டின் வணிகக் குறிகள் சட்டப்படி, போலிக் குறியிட்ட பொருளைச் செய்பவருக்கும் விற்பவருக்கும் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ரூ.50 ஆயிரம் முதல் ரூ.2 லட்சம் வரை அபராதமும் விதிக்கலாம். பிடியாணையின்றிச் சோதனையிடும் அதிகாரம் துணைக் கண்காணிப்பாளருக்குக் குறையாத காவல் அதிகாரிக்கு உண்டு. அதற்குமுன் வணிகக் குறிகள் பதிவாளரின் கருத்தை அவர் பெற வேண்டும். போலிக் கடிகாரங்களை எல்லையிலேயே தடுக்க 2007-ல் தனி விதிகள் வந்தன. கார்ட்டியே உள்ளிட்ட நிறுவனங்களின் வழக்கில் 2016-ல் தில்லி உயர் நீதிமன்றம், போலிக் கடிகாரங்களை இணையத்தில் விற்ற நிறுவனத்துக்கு ரூ.1 கோடி தண்டனை இழப்பீடு விதித்தது. சட்டத்துக்குப் பல் இல்லை என்று யாரும் கூற இயலாது.

ஆனால் அந்தப் பல் காப்பது வணிகப் பெயரின் உரிமையாளரை. ஜெனீவாவில் உள்ள நிறுவனம் தில்லியில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும். ஒட்டுப்போட்ட பைலட்டை ரூ.2 ஆயிரத்துக்கு வாங்கி ஏமாந்த மாட்டுங்காக்காரருக்காக வழக்காட யார் வருவார்? கடிகார ஆலையே மூடப்பட்டுவிட்டது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், புதுப்பிக்கப்பட்ட அல்லது பழைய பொருளைப் புதியது எனப் பொய்யாகக் கூறி விற்பது முறையற்ற வணிக நடைமுறை என்று தெளிவாகச் சொல்லப்பட்டிருக்கிறது. இங்கு நடப்பதோ நேர்மாறு: நேற்று பூசிய டயல் ஐம்பதாண்டுப் பழையது என விற்கப்படுகிறது! தரம், மாதிரி குறித்துப் பொய்யுரைப்பதைத் தடுக்கும் வேறு உட்பிரிவு இதற்கும் பொருந்தும் என்பது உண்மையே. ரசீதில்லாத வாங்கலுக்கு எதை வைத்து முறையிடுவது என்பதுதான் கேள்வி.

மறுபுறம், நேர்மையாகத் தொழில் செய்யும் பழுதுநீக்குநரின் நிலையும் இதே சட்டத்தில் ஊசலாடுகிறது. முறைப்படி வாங்கிய பொருளை மறுவிற்பனை செய்யும் உரிமையை வணிகக் குறிகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு ஏற்கிறது. பொருளின் நிலை மாற்றப்பட்டிருந்தால் நிறுவனம் எதிர்க்கலாம் என்றும் அதே பிரிவு கூறுகிறது. டயலை மாற்றியதை வெளிப்படையாகச் சொல்பவரும் மறைப்பவரும் இதன்முன் ஒரே வரிசையில் நிற்கின்றனர். இது நியாயமன்று.

இந்தச் சிக்கலுக்கு வழிகாட்டும் உத்தரவு ஒன்று கடிகாரத்துக்குச் சம்பந்தமே இல்லாத வழக்கில் வந்திருக்கிறது. வெளிநாடுகளில் பயன்படுத்திக் கழித்த ஹார்ட் டிஸ்குகளை இறக்குமதி செய்து, புதுப்பித்து விற்பதை எதிர்த்து சீகேட் முதலிய நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், தில்லி உயர் நீதிமன்றம் 2024 மே மாதம் அத்தகைய விற்பனைக்கு முற்றிலும் தடை விதிக்கவில்லை. அசல் தயாரிப்பாளர் யார், பொருள் பயன்படுத்திப் புதுப்பிக்கப்பட்டது, அசல் நிறுவனத்தின் உத்தரவாதம் இதற்கில்லை என்பன போன்ற விவரங்களை உறையிலேயே தெளிவாக அச்சிட வேண்டும் என நிபந்தனை விதித்தது. ஹார்ட் டிஸ்குக்குப் பொருந்துவது கடிகாரத்துக்கும் பொருந்தாமல் போகாது. "மெஷின் சீகோ, டயல் மறுஅச்சு, கேஸ் வேறு" என்று நான்கு சொல் எழுதிக் கொடுத்தால் மும்பை ஸ்பெஷல் மோசடிப் பொருளாயிராது, விலை மலிந்த, அழகான, ஓடும் கடிகாரமாக மட்டும் இருக்கும். அதை விரும்பி வாங்குவோரும் உண்டு.

இது பற்றி முடிவெடுக்க வேண்டிய காலம் நெருங்கிவிட்டது. சுவிட்சர்லாந்தை உள்ளடக்கிய எஃப்டா நாடுகளுடன் இந்தியா 2024 மார்ச் 10-ல் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சுவிஸ் கடிகாரங்கள் மீதான இறக்குமதி வரி ஏழாண்டுகளில் படிப்படியாக அகல வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. "சுவிஸ் மேட்" என்ற சொல்லுக்கு அந்நாடு 2017 முதல் வைத்திருக்கும் வரையறையின்படி, உற்பத்திச் செலவில் குறைந்தது 60 சதவீதம் சுவிட்சர்லாந்தில் நிகழ்ந்திருக்க வேண்டும். தன் பெயரைக் காக்க அந்தச் சிறிய நாடு இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கிடுகிறது. நம் தரப்பில் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் "பழுதுபார்க்கும் உரிமை"க்கெனத் தனி இணையதளம் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை வைத்து அது தொடங்கியது. இயந்திரக் கைக்கடிகாரத்துக்கு அவற்றில் தனி இடமில்லை. சுவிஸ் நிறுவனங்கள் பல தம் உதிரிபாகங்களைத் தனித்த பழுதுநீக்குநர்களுக்கு விற்பதில்லை. வரி குறைந்து அசல் கடிகாரம் பெருகினாலும், பாகம் கிடைக்காதவரை ஒட்டுவேலை தொடரவே செய்யும்.

அரசு விதி வகுக்கும்வரை காத்திராமல், உடையவர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தாத்தாவின் கடிகாரத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்குமுன் டயலையும் திறந்த மெஷினையும் பின்மூடி எண்ணையும் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். டயலை மாற்ற வேண்டாம், கேஸை மெருகிட வேண்டாம் என்று கேட்டுக் கொள்ளலாம். மாற்றித்தான் ஆக வேண்டுமெனில், கழற்றிய பழைய டயலையும் முட்களையும் சிறு பொட்டலமாகத் திருப்பித் தரும்படி சொல்லி, மாற்றிய பாகங்களின் பெயரை ரசீதில் எழுதி வாங்கலாம்.